மேற்கு மாம்பலத்து மாடியறை பிரெஞ்சு வகுப்பு: 14 மாதம் படித்தவள் சொல்வது

பிரெஞ்சில் ‘மேலே’ என்பதற்கும் ‘அடியில்’ என்பதற்கும் ஓர் உயிர் ஒலிதான் வித்தியாசம். அது என் காதில் விழாமல் போனதால் 240 அட்டைப்பெட்டிகளில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். பிரான்ஸில் எங்கள் சரக்கை இறக்கும் கிடங்கிலிருந்து வழக்கமாகப் பேசுகிறவருக்கு ஆங்கிலம் வரும். அன்று அவர் லீவு. பேசியவருக்கு பிரெஞ்சைத் தவிர எதுவும் தெரியாது. “குடுங்க சார், நான் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவ” என்று மேனேஜர் கையிலிருந்து போனை வாங்கினேன். ஸ்டிக்கர் எங்கே வேண்டும் என்று கேட்டேன். அவர் ‘தெஸூ’ என்றார், அடியில் என்று அர்த்தம். நான் அதை ‘தெஸ்யு’ என்று எடுத்துக்கொண்டேன். அது மேலே.

பிளஸ் டூ பிரெஞ்சைப் பற்றிச் சென்னையில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மதிப்பெண்ணுக்காக எடுப்பது. மொத்தம் 1200 இருந்த காலத்தில் படித்தவள் நான். பிரெஞ்சில் 200க்கு 191 வாங்கினேன். 20 கேள்வி பதிலை உருப்போட்டேன், வினைச்சொல் அட்டவணைகளைத் தலைகீழாக ஒப்பித்தேன், ஒரு பிரெஞ்சுக்காரர் வாய்திறந்து நான் கேட்டதில்லை. நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. மேலே, அடியில் இரண்டுக்கும் அதில் ஒரே மாதிரி ‘தெசு’ என்றுதான் இருக்கிறது.

ஸ்டிக்கர் விவகாரத்துக்குப் பிறகு முதலில் ஒரு கைப்பேசிச் செயலியில் உட்கார்ந்தேன். 4 மாதம் ஒருநாள்கூட விடவில்லை. ஆந்தை பால் குடிக்கிறது என்கிற மாதிரி வாக்கியங்கள் வந்தன. தப்புச் செய்தால் சிவப்பு, சரியென்றால் பச்சை. ஏன் தப்பு என்று கேட்க ஆளில்லை. அப்புறம்தான் எதிர்வீட்டு மாமி அயோத்தியா மண்டபத்துப் பக்கம் ஒரு மாடியில் பிரெஞ்சு சொல்லித் தருகிறார்கள் என்றார். கீழே அப்பளக் கடை, மேலே பிரெஞ்சு.

பெயர்ப்பலகை கிடையாது. மேடம் தன் பெயரையும் போன் நம்பரையும் எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நானும் போடவில்லை. வயது 60ஐத் தாண்டியிருக்கும். பிறந்து படித்ததெல்லாம் பாண்டிச்சேரி, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாண்டியில் ‘சொல்தா குடும்பம்’ என்பார்களே, அது. கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்து 35 வருஷம். சனி ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து ஆறரை வரை வகுப்பு. முதல் நிலைக்கு 9,000 ரூபாய் கொடுத்தேன், இரண்டாம் நிலைக்கு 11,000. ஒரு நிலைக்கு ஏழு மாதம் என்று கணக்கு, அது எப்படி இழுக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாளே ஒரு விதி போட்டார். வகுப்பில் பிரெஞ்சு பேசலாம், முடியாவிட்டால் தமிழ் பேசலாம். ஆங்கிலம் கூடாது. “வீட்டுக்காரரும் நீங்களும் நேரா பேசிக்கலாம். நடுவுல தரகர் எதுக்கு?”

இதை நான் முதலில் பாண்டிச்சேரிப் பெருமை என்றே நினைத்தேன். இரண்டாவது வாரம் வயது சொல்லும் பாடம் வந்தது. வகுப்பில் ஏழு பேர். ஆறு பேர் ‘நான் 41 ஆக இருக்கிறேன்’ என்கிற அமைப்பில் சொன்னோம், ஆங்கிலத்தில் அப்படித்தானே. மேடம் கரும்பலகையில் தமிழில் எழுதினார்: எனக்கு 41 வயது. “இதுல ‘இருக்கிறேன்’ எங்க வந்தது? வயசு உங்ககிட்ட இருக்கு, நீங்க வயசா இல்ல.” பிரெஞ்சிலும் அப்படித்தான், என்னிடம் 41 வருடங்கள் உண்டு என்று சொல்ல வேண்டும். பசிக்கும் தாகத்துக்கும் குளிருக்கும் பயத்துக்கும் அதே கதை. ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான், எனக்குப் பசிக்கிறது என்பான். பிரெஞ்சுக்காரன் என்னிடம் பசி உண்டு என்கிறான். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஆங்கிலத்தைவிடத் தமிழிலிருந்து போனால் தூரம் குறைவு.

தொழிலைச் சொல்லும்போதும் இதேதான். ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் சொல்கிறோம், ‘ஒரு’ போடுவதில்லை. பிரெஞ்சிலும் ‘இல் எ ப்ரொஃபெஸர்’, நடுவில் ‘ஒரு’ கிடையாது. அதுவே ‘அது ஒரு ஆசிரியர்’ என்று சுட்டிக் காட்டும் ‘ஸெ’ வந்தால் மட்டும் ‘ஒரு’ சேரும். இந்த ‘இல் எ’, ‘ஸெ’ குழப்பத்தில் நான் பள்ளியில் இரண்டு வருஷம் ஓட்டினேன். இங்கே பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.

இந்த வகுப்பில் காசு கொடுத்து வாங்குவது பாடத்தை அல்ல, சந்தேகத்துக்கான பதிலை. பாடம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது.

உச்சரிப்பிலிருந்து தொடங்குகிறேன், என் 240 பெட்டி அங்கேதான் கவிழ்ந்தது. அந்த ‘யு’ ஒலியை மேடம் சொல்லித் தந்த விதம் இது. ஈ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கு அங்கேயே இருக்கட்டும், அசையக் கூடாது. உதட்டை மட்டும் விசிலடிக்கிற மாதிரி குவியுங்கள். வருகிறதே, அதுதான். ‘யூ’ இல்லை, ‘இயு’வும் இல்லை. முதல் நாள் எங்கள் ஏழு பேரின் முகத்தையும் யாராவது படம் எடுத்திருந்தால் மானம் போயிருக்கும். நான் பஸ்ஸில் ஒரு வாரம் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு பழகினேன். இந்த ஒலி வராவிட்டால் தெருவும் சக்கரமும் ஒன்றாகிவிடும், ‘நீ’யும் ‘எல்லாம்’ என்பதும் ஒன்றாகிவிடும்.

மூக்கொலியைத்தான் நான் மிகவும் பயந்துகொண்டிருந்தேன். பள்ளியில் எங்கள் மிஸ் ‘போன்ழூர்’ என்பதை ‘பான்ஜோர்’ என்று ன் அழுத்திச் சொல்வார், நாங்களும் சொல்வோம். இங்கே மேடம் கேட்டது வேறு மாதிரி. “மரம்னு எழுதற மாதிரி இல்ல, பேசற மாதிரி சொல்லுங்க. கடைசில உதடு மூடுதா?” சொல்லிப் பார்த்தோம். மூடவில்லை! பேச்சில் மரம், பணம், பழம் எல்லாம் ஒரு மூக்கு ‘ஒ’வில் முடிகின்றன. ம் என்ற எழுத்து தாளில் மட்டும்தான் இருக்கிறது. அதே ஒலிதான் பிரெஞ்சில் பாலத்துக்கும், ‘நல்ல’ என்பதற்கும். ‘நான்’ என்று சாதாரணமாகப் பேசும்போது வரும் முடிவு இன்னொரு மூக்கொலி. ‘வந்தேன்’ என்பதைப் பேச்சில் சொல்லும்போது வருவது மூன்றாவதற்குப் பக்கத்தில் நிற்கும். 41 வருஷமாக தினமும் சொல்லிக்கொண்டிருக்கிற ஒலியை வராது என்று நினைத்திருக்கிறேன்.

நான்கு மூக்கொலியும் ஒரே தொடரில் வருவதற்கு பிரெஞ்சு வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லித் தரும் ஒரு தொடர் உண்டு. ‘ஒரு நல்ல வெள்ளை ஒயின்’ என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் 67 வயதில் ஒரு சார் படிக்கிறார், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், பேரன் துலூஸில் இருக்கிறான். நெற்றி நிறைய திருமண்ணோடு, திறந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அவர் இதை 20 தடவை உரக்கச் சொன்னார். கீழே அப்பளம் வாங்க வந்த யாருக்கும் புரியவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம். நான்கில் ஒன்றைப் பாரிஸ்காரர்களே இப்போது இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள், மூன்று வந்தால் போதும் என்று மேடம் கடைசியில் சொன்னார். சாருக்குக் கோபம். “அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

‘ர’வைப் பொறுத்தவரை எங்கள் எல்லோருக்கும் குரு திருவல்லிக்கேணிப் பையன்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வீட்டில் உருது. கஜல் என்ற சொல்லை அவன் வீட்டில் சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னார் மேடம். தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு ஓர் ஒலி வந்தது. “இதான் பிரெஞ்சு ர. நாக்கு நுனிக்கு இங்க வேலை இல்ல.” அவனுக்கு முதல் நாளே வந்தது எனக்கு வர மூன்று மாதம். வாய் கொப்பளிக்கிற மாதிரி பழகு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பழகினால் இருமல் வருகிறது. தண்ணீர் இல்லாமல், மெல்ல, ‘க்’ சொல்லும் இடத்தில் காற்றை உரசவிட்டால் போதும்.

தபால் சார் ‘நான்’ என்பதற்கான சொல்லை ‘ழ’ போட்டு எழுதி வைத்திருந்தார். தமிழுக்கு மட்டுமே சொந்தம் என்று நாம் கொண்டாடும் எழுத்து பிரெஞ்சில் இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மேடத்துக்கு அதைக் கெடுக்க மனசில்லை, ஆனாலும் கெடுத்தார். ழகரத்துக்கு நாக்கு வளைகிறது, இதற்கு வளையாது. ‘ஷ’ சொல்லிக்கொண்டே தொண்டையில் கை வைத்து அதிர்வு கொடுத்தால் வருவதுதான் இது.

இந்த அதிர்வுதான் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்களைக் கவிழ்க்கிறது. நம் எழுத்தில் பகரம் ஒன்றுதான், இடத்தைப் பார்த்து வாசிக்கிறோம். பிரெஞ்சில் ரொட்டிக்கும் குளியலுக்கும் அதிர்வு மட்டுமே வித்தியாசம். மீனுக்கும் விஷத்துக்கும் அப்படியேதான். இரண்டையும் ‘புவாஸோன்’ என்று எழுதி வைத்திருந்தேன். மீனில் வருவது சாதாரண ஸ, எழுத்தில் இரண்டு எஸ். விஷத்தில் ஒரே எஸ், இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி அதிரும். ஹோட்டலில் இதைத் தப்பாகச் சொன்னால் பரிமாறுகிறவர் சிரிப்பார். எழுத்தில் தப்பாகப் போனால் சரக்குப் பட்டியல் திரும்பி வரும்.

கடைசி எழுத்தை உச்சரிக்க வேண்டுமா, கூடாதா? எல்லோரும் கேட்பது. பொதுவாகக் கூடாது. சி, ஆர், எஃப், எல் நான்கில் முடிந்தால் பெரும்பாலும் உண்டு. ஆனால் ‘பேசுவது’ என்ற வினைச்சொல்லில் கடைசி ஆர் ஊமை, புகையிலையில் கடைசி சி ஊமை. இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை மேடம் ஒரு நாளைக்கு 40 முறையாவது சொல்வார். ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்று எழுதும்போது கடைசியில் மூன்று எழுத்து வரும், அதில் ஒன்றுகூட வாயில் வராது. அவன் பேசுகிறான் என்பதும் அவர்கள் பேசுகிறார்கள் என்பதும் காதுக்கு ஒன்றே. பறவைகள் என்ற சொல்லில் ஏழு எழுத்து, அதில் எதுவும் தன் ஒலியில் ஒலிப்பதில்லை. ‘வாஸோ’ என்று ஏதோ வருகிறது.

ஊமையாக இருந்த எழுத்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் எழுந்து உட்காரும். இதைப் பள்ளியில் விதி 7, விதி 8 என்று படித்தேன். மேடம் ஒரே சொல்லில் முடித்தார்: புணர்ச்சி. நண்பர்கள் என்பதைத் தனியாகச் சொன்னால் ‘அமி’. முன்னால் ‘லே’ சேர்ந்தால் ‘லேஸாமி’. முதல் தடவை கேட்டபோது யாரோ சாமியைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ‘அவனிடம் உண்டா?’ என்று திருப்பிக் கேட்கும்போது இரண்டு உயிரும் மோதும் என்பதால் நடுவில் ஒரு ‘த்’ வந்து நிற்கும், ‘அ-த்-இல்’. எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா உடம்படுமெய் நடத்தியபோது இது எதற்கு உதவும் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

புணர்ச்சிக்கு ஒத்துக்கொள்ளாத சொற்களும் உண்டு. ஹெச் எழுத்து எங்கேயுமே ஒலிக்காது, ஆனால் சில ஹெச் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ‘வீரர்கள்’ அப்படி. அங்கே சேர்த்துச் சொன்னால் வீரர்கள் பூஜ்யங்களாகிவிடுவார்கள். வீரனுக்குச் சாத்திய கதவு, வீராங்கனைக்குத் திறந்திருக்கிறது! ஏன் என்று கேட்டேன். “அகராதில நட்சத்திரம் போட்டிருப்பான், பாத்துக்கோ” என்றார். அதிகம் பேசும் மேடம் சுருக்கமாகச் சொன்ன சில பதில்களில் அது ஒன்று.

ஆலைக்குள் நான் உடனே பயன்படுத்தியது ‘ப்ளு’ பற்றிய பதிலை. இன்னும் அதிகம் என்பதற்கும் இனி இல்லை என்பதற்கும் எழுத்தில் ஒரே சொல். வாக்கியத்தில் ‘ந’ என்று ஓர் எதிர்மறை முன்னால் வந்தால் இல்லை என்று தெரியும், ஆனால் பேச்சில் அந்த ‘ந’வை விழுங்கிவிடுவார்கள். அப்போது காதில் மிஞ்சுவது கடைசி எஸ் மட்டும். ‘ப்ளுஸ்’ என்று எஸ் கேட்டால் சரக்கு அதிகம் இருக்கிறது. ‘ப்ளு’ என்று நின்றால் சரக்கு தீர்ந்தது. கிடங்கில் பேசுகிற எனக்கு இந்த ஒரு எஸ், கொடுத்த 9,000 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டது என்றே சொல்வேன்.

எண்கள் தனித் துன்பம். 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நான்கு இருபது, 97 என்பது நான்கு-இருபது-பதினேழு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் நேரான சொற்கள் வைத்திருக்கிறார்கள், பிரான்ஸில் கேட்க மாட்டார்கள். போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். அறுபது என்று காதில் விழுந்ததும் 6 எழுதிவிடுவேன், பின்னாலேயே பன்னிரண்டு வரும், அடித்துவிட்டு 72 ஆக்க வேண்டும். நான் அலுத்துக்கொண்டபோது மேடம், “தொண்ணூறுல நூறு எதுக்கு வருது, தொள்ளாயிரத்துல ஆயிரம் எதுக்கு வருது? அதை எவனும் கேக்கறதில்ல” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கிறது என்று சொன்னால் அது பொய். ஆண்பால் பெண்பாலில் கைவிட்டுவிடும். நமக்கு மேசை அஃறிணை, கதை முடிந்தது. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். தாடியும் பெண், மீசையும் பெண். பாதிக்கப்பட்டவர் ஆணாகவே இருந்தாலும் அந்தச் சொல் பெண்பால்தான். சொல்லின் முடிவை வைத்து ஓரளவு பிடிக்கலாம். ‘ஸியோன்’, ‘தே’, ‘எத்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பெண், ‘மான்’, ‘ஆழ்’, ‘ஓ’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண். அப்புறம் பார்த்தால் கடற்கரை ‘ஆழ்’ என்று முடிந்தும் பெண், தண்ணீர் ‘ஓ’ என்று முடிந்தும் பெண். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதே, முன்னால் ‘ல’ (ஆண்) அல்லது ‘லா’ (பெண்) சேர்த்தே செய் என்பதுதான் மேடம் தந்த ஒரே வழி. 14 மாதம் கழித்தும் ஐந்தில் ஒன்று தப்புகிறது எனக்கு.

சாதத்துக்கு முன்னால் எதைப் போடுவது என்பது இன்னொரு தொல்லை. மேடம் தட்டை வைத்து விளக்கினார். உலகத்துச் சாதம் முழுவதையும் பிடிக்கும் என்றால் ‘ல’. தட்டில் கொஞ்சம் போட்டுச் சாப்பிடுகிறேன் என்றால் ‘த்யு’. சாப்பிடவில்லை என்றால் வெறும் ‘த’. தட்டு காலி, அதனால் சொல்லும் இளைத்துவிட்டது. இலக்கணப் புத்தகம் இப்படிச் சொல்லாது. எனக்கு ஒட்டிக்கொண்டது.

இறந்த காலம் இரண்டு வகை வந்தபோது மறுபடியும் தமிழ் காப்பாற்றியது. ‘தாத்தா தினமும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவார்’ என்று இறந்துபோன தாத்தாவைப் பற்றிச் சொல்கிறோமே, அந்தப் ‘போவார்’ ஒரு வகை. ‘போய்க்கொண்டிருந்தார்’ என்பதும் அதே வகைக்குள் அடங்கும். ‘அன்றைக்குப் போனார்’ என்று ஒருமுறை நடந்து முடிந்தால் மற்றது. இதைச் சொன்னதும் கனடாவுக்காகப் படிக்கிற நர்ஸ் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இவ்ளோதானா மேடம்?” என்றாள். இவ்வளவுதான் இல்லை, ஆனால் அன்றைக்கு இவ்வளவு போதும்.

நீ, நீங்கள் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ‘த்யு’, ‘வூ’ என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சங்கடம் வேறு இடத்தில். எங்களுக்குச் சரக்கு வாங்கும் கம்பெனியின் அதிகாரி, 58 வயது, தன்னை நான் நீ என்றே கூப்பிடலாம் என்று மின்னஞ்சலில் எழுதினார். அங்கே அது மரியாதைக் குறைவில்லை, நெருக்கம். எனக்குக் கை வரவில்லை. இரண்டு மாதம் நீ, நீங்கள் இரண்டும் வராத மாதிரி வாக்கியம் அமைத்து எழுதிக்கொண்டிருந்தேன். என் மாமனாரிடம் ஆரம்பத்தில் செய்ததும் இதேதான்.

இனி குறைகள். பேசும் பயிற்சி மிகக் குறைவு. இரண்டரை மணி நேரத்தில் ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் வாய் திறக்கக் கிடைத்தால் பெரிது, மீதி நேரம் மேடம் பேசுவார். சுவையாகத்தான் பேசுவார், ஆனால் பேச வேண்டியது நாங்கள் அல்லவா? கேட்டல் பயிற்சி நடக்கும்போது மின்சார ரயில் போகும். ஒலிப்பதிவில் விமான நிலைய அறிவிப்பு வருகிறது, ஜன்னல் வழியாகத் தாம்பரம் வண்டி வருகிறது. பிரதிகள் பழையவை. என் முதல் பாடத்தில் ஒரு கிலோ தக்காளியின் விலை ஃபிராங்கில் இருந்தது. 2002 தொடங்கியபோதே யூரோ நோட்டு கைக்கு வந்துவிட்டது. மேடத்திடம் சொன்னால், “தக்காளி அதேதானே” என்கிறார்.

மார்கழி. இதுதான் பெரிய குறை. டிசம்பரில் மேடத்துக்கு கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை மாலை நல்ல பாடகர் யாராவது பாடினால் வகுப்பு கிடையாது, காலையில் ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி மட்டும் வரும். போன டிசம்பரில் மூன்று ஞாயிறு இப்படிப் போனது. ஈடுசெய்கிறேன் என்றார், ஒன்றுதான் நடந்தது. ஏழு மாதம் எட்டு மாதமாக இழுப்பது இப்படித்தான். பணம் திரும்பாது. ஆனால் வீட்டுப்பாடத்தை இரவு 11 மணிக்கு அனுப்பினாலும் திருத்தித் தருவார், குரல் செய்தியில் ஒவ்வொரு தப்பையும் சொல்வார். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

பரீட்சை விஷயத்தில் சேரும் முன்னே ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டெல்ஃப் என்பது பிரெஞ்சு அரசின் சான்றிதழ், ஒருமுறை வாங்கினால் காலாவதியாகாது. நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தத்தில் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் ஃபிரான்ஸேஸில் எழுதினேன், இரண்டாம் நிலையில் 68 வந்தது. பேச்சில் மட்டும் 12, காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஆனால் கனடா குடியேற்றத்தின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுத வேண்டும், அதன் முடிவு இரண்டு வருஷம்தான் செல்லும். நர்ஸ் பெண் இது தெரியாமல் டெல்ஃபுக்குப் பணம் கட்டப் போனவள், திருவல்லிக்கேணிப் பையன்தான் தடுத்தான். அந்தப் பரீட்சைகளில் கேட்கும் அளவுக்கு மேடம் சொல்லித் தருவதில்லை, மூன்றாம் நிலையோடு நிறுத்திக்கொள்கிறார். கனடாவுக்கு என்றால் இங்கே அடித்தளம் போட்டுக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பள்ளிப் பரீட்சைக்காகப் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். மேடம் கேள்வி பதில் எழுதித் தர மாட்டார். ஏன், எதற்கு என்று குடைகிற ஆளுக்குத்தான் இந்த இடம் சரி.

இந்த வகுப்புக்கு என்ன மதிப்பெண் போடுவாய் என்றால், ஐந்துக்கு நான்கு. மார்கழி இல்லாவிட்டால் நாலரை.

அடுத்த பேட்ச் ஜூனில், பள்ளி திறந்த பிறகு. ஏழு பேருக்கு மேல் எடுக்க மாட்டார். அப்பளக் கடையில் பிரெஞ்சு மேடம் வீடு என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், வெயிலில் அப்பளம் காயும் இடம் அது. மாடிப்படியின் மூன்றாவது வளைவில் தலை இடிக்கும், குனிந்து ஏறுங்கள்.